தேவிக்கு நேரில் சொல்ல வேண்டியது

மே 12, திங்கள். அரிமளம்.

காலை ஆறரைக்கே வெயில் கழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கயிறு தாண்டல் முந்நூறு. வலது தோள் முனகுகிறது. முப்பத்தொன்பது வயதுத் தோள் முனகாமல் பாட்டா பாடும்.

ராக்கெட் நான்குக்கும் ஸ்ட்ரிங் மாற்ற வேண்டும். திருச்சிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பால் வாங்கும் இடத்தில் பக்கத்து வீட்டு அயித்தை:

"ஏன்டி செல்வி, இன்னும் ரெண்டு பேரு சேந்துதான் வெளையாடுறியா? ஒத்தையா வெளையாடத் தெம்பு இல்லையா?"

"ஒத்தையா வெளையாடுனா தோத்ததுக்கு யாரைத் திட்டுறது அயித்தே?"

அதுவும் நியாயம்தான் என்று தூக்குவாளியோடு போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மதியம் ஹானாவிடமிருந்து மெசேஜ். செக் நாட்டுக்காரி, இடது கை, வலையருகே நின்றால் ஈ நுழையாது. அவளுடைய பார்ட்னருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். அடுத்த மாதம் புல் கோர்ட்டில் நடக்கிற பெரிய போட்டிக்கு என்னைக் கூப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பதினெட்டு வருஷமாக எனக்கு டென்னிஸ் டபுள்ஸ்தான் சோறு. அந்தப் புல்லை மட்டும் இன்னும் மிதிக்கவில்லை. கணக்கு எளிது. டபுள்ஸில் இரண்டு பேரின் ரேங்கையும் கூட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். என் நம்பரையும் தேவி நம்பரையும் கூட்டினால் கேட்டுக்கு வெளியே. என் நம்பரையும் ஹானா நம்பரையும் கூட்டினால் உள்ளே. நான் ஒன்பதாவது ஃபெயில். இந்தக் கூட்டல் மட்டும் தப்பாது.

தேவி, இந்த நோட்டில் தே., என் பார்ட்னர், கோயம்புத்தூர்க்காரி. ஒன்பது வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறோம். மூன்று வருஷம் முன்னால் இருவரும் அந்தப் போட்டியின் வாசல்வரை போனோம். உள்ளே ஒரு ஜோடி விலகினால் அந்த இடம் எங்களுக்கு. ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பெஞ்சில். அத்தனை பேரும் அநியாயத்துக்கு ஆரோக்கியம். ஒருத்தி தும்மினாள். தே. உடனே குனிந்து ஷூ லேஸை இறுக்கினாள். அவ்வளவுதான் நடந்தது.

நான் போக வேண்டும். முடிவு பண்ணியாகிவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. தே.யிடம் சொல்வதுதான் பாக்கி.

போனில் சொல்ல மாட்டேன். இதுவரை என்னை நாலு பார்ட்னர்கள் போனில் கழற்றிவிட்டிருக்கிறார்கள். ஒருத்தி மெசேஜ் முடிவில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி வேறு போட்டாள். இன்னொருத்தி அதே ஹோட்டலில் பக்கத்து அறையில் இருந்துகொண்டே அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது. நான் யாரையாவது விட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் விடுவேன் என்று அன்றைக்கே தீர்மானம்.

தே.க்கு போன் போட்டேன். "ரெண்டு நாள் வந்துட்டுப் போடி. டவுன் கிளப்புல ஒரு மேட்ச்சு இருக்கு. அம்மா கோழி அடிச்சு வைக்கிறேங்குது."

"மேட்ச்சு கெடக்குது. கோழிக்கோசரம் வர்றேன்," என்றாள்.

மே 13, செவ்வாய்.

பதினோரு மணிக்கு தே. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில். பை மூன்று, ஆள் ஒன்று. ஸ்கூட்டியில் அடுக்கி ஏற்றி வந்தேன்.

"ஏனக்கா, உங்க ஊர்ல வெயிலுக்கு வேற வேலையே இல்லியா?"

"கோயம்புத்தூர்க்காரி வாரான்னு சொல்லி வச்சேன். ஒனக்காக ரெண்டு மடங்கா வந்துருச்சு."

வீட்டில் அம்மா "பையை அங்கிட்டு வைம்மா" என்றதும் தே.க்குச் சிரிப்பு. "அங்கிட்டுன்னா எங்கிட்டுங்க அம்மா?" அம்மா என்னைப் பார்த்து, "ஒன்னோட சேந்து வாய் நல்லா வளந்திருக்கு," என்றாள்.

இன்று சொல்லாமல் போனதற்குக் காரணங்கள்:

பஸ் அலுப்பில் இருந்தாள்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
தூங்கினாள்.
காபி குடித்தாள்.
பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினோம், எனக்கு மூச்சு இல்லை.
மேலே எழுதியது எல்லாம் பொய்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். அடுப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியா?"

"இல்லம்மா."

"சாப்புடுறப்ப சொல்லிறாத, செமிக்காது. சாப்புட்டப்பறம் சொல்லு."

"சாப்புட்டாச்சு. தூங்குறா."

"அப்ப எந்திரிக்கட்டும்."

இப்படி இருவரும் சேர்ந்தே தள்ளிப்போட்டோம். நடுவில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம்: "புல்லுல வெளையாடுறீங்களே, ஆடு மாடு வராதா?" காவலுக்கு ஆள் உண்டு என்றேன். "அப்பச் சரி."

சாயங்காலம் தே. நோட்டை எடுத்து அடுத்த ஆறு மாதத்துக்கு நாங்கள் ஆட வேண்டிய போட்டிகளைப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் எந்த ஊர், எந்த ரயில், யாருக்கு ஜன்னல் பக்கக் கட்டில் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகம் இல்லை.

மே 14, புதன்.

ஐந்தரைக்கே கிளம்பி டவுன் கிளப். கொஞ்சம் காற்று இருந்தது, நல்லது. எதிரே டாக்டரும் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டரும். டாக்டருக்குத் தொப்பை விழுந்தாலும் கை விழவில்லை. ஹெட்மாஸ்டர் வருகிற பந்தையெல்லாம் வானத்துக்குத் தூக்கிப் போடுகிறவர். ஒவ்வொரு கேமிலும் முதல் இரண்டு பாயிண்ட் அவர்களுக்கு இனாம் என்று பேச்சு.

அப்பா இருந்தவரை இந்தக் கிளப்பில்தான் மார்க்கர். கோடு போட்டு, வலை கட்டி, மெம்பர்களுக்குப் பந்து அடித்துக் கொடுக்கிற வேலை. மெம்பர்கள் வருவதற்கு முந்தின அரை மணி நேரம் கோர்ட் எனக்கு. நான் கற்றதெல்லாம் அந்த அரை மணியில்.

டாக்டர்: "செல்வி, உங்கப்பா எனக்குப் பந்து பொறுக்கிப் போட்ட கோர்ட்டும்மா இது!"

"ஆமாங்க டாக்டர். நீங்க அடிச்சதெல்லாம் ரோட்டுக்குப் போயிருமாம். அதுலயே இளைச்சுப் போனாரு."

ஹெட்மாஸ்டர் வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முதல் செட் 6-2 எங்களுக்கு. இரண்டாவதில் 3-4 என்று பின்னால் போனோம். குற்றம் என்னுடையது. தே. சர்வ் போடும்போது நான் வலையருகே நின்று முதுகுக்குப் பின்னால் கையால் சைகை காட்டுவேன். மூடிய கை என்றால் நின்ற இடத்தில் நிற்பேன். விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன். இன்று விரித்துக் காட்டிவிட்டு நின்றேன். மூடிக் காட்டிவிட்டுப் பாய்ந்தேன்.

தே. என்னைப் பின்கோட்டுக்குக் கூப்பிட்டாள். ஆளுக்கொரு பந்தை வாய்க்கு மறைவாக வைத்துக்கொண்டோம். எதிரணி உதட்டைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக டபுள்ஸ் ஆடுகிறவர்கள் செய்வது. ஹெட்மாஸ்டருக்குக் கண்ணாடி போட்டாலும் ஸ்கோர் போர்டே தெரியாது. ஆனாலும் பழக்கம்.

"என்னக்கா ஆச்சு? கை ஒண்ணு சொல்லுது, காலு ஒண்ணு போகுது."

ஒன்பது வருஷத்தில் நானும் அவளும் உண்மையாகப் பேசிக்கொண்டதெல்லாம் இந்த இருபது செகண்டுகளில்தான். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னது இங்கேதான். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னதும் இங்கேதான். அறைக்குப் போய்விட்டால் கேலிதான், கூத்துதான்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஹானா கூப்புட்டிருக்கா. புல்லுக்கு. நான் போறேன்டி."

பந்து அவள் வாயை விட்டு இறங்கவில்லை. கண் மட்டும் தெரிந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம."

"இன்னிக்குப் புதன்."

"ஆமா."

அந்தப் பக்கமிருந்து ஹெட்மாஸ்டர்: "என்னம்மா, எங்க ரெண்டு கெழவனை அடிக்கிறதுக்கு இவ்வளவு பெரிய திட்டமா?"

தே. போய் சர்வ் போட்டாள். டாக்டர் பந்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டார். அடுத்ததும் அப்படியே. 6-4. வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் உள்ளங்கை தட்டிக்கொள்வோம். நான் நீட்டினேன். அவள் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனாள். மூன்று தடவை அப்படி. கடைசியில் ஹெட்மாஸ்டர் வலைக்கு மேலே கையை நீட்டி, "இங்கிட்டுக் குடும்மா, நான் தட்டுறேன்," என்றார். தட்டினேன்.

ஸ்கூட்டியில் அரிமளம் திரும்பினோம். நான் இரண்டு தடவை சிரிப்புக் காட்டப் பார்த்தேன். காற்றோடு போயிற்று.

மதியம் இலையில் உட்கார்ந்தாள். கோழிக் குழம்பு இரண்டு தடவை வாங்கினாள். பிறகு இலையைப் பார்த்தபடியே:

"இதைச் சொல்றதுக்கா என்னைய இத்தனை தூரம் வரச்சொல்லிக் கோழி ஊத்துன?"

"மொகத்தப் பாத்துச் சொல்லணும்னுதான்டி."

"போன்ல சொல்லியிருந்தா என்ற வீட்ல கதவச் சாத்திட்டு ஒரு மணி நேரம் அழுதிருப்பேன், முடிஞ்சிருக்கும். இங்க அந்த டாக்டரு முன்னாடி, உங்கம்மா முன்னாடி, நான் எங்க போயி அழுவேன்? உனக்கு நல்லவளா இருக்கோணும். அதுக்கு நான் பஸ்ஸேறி வரோணும்."

அம்மா ரசச் சட்டியோடு நின்றுவிட்டாள். "அந்தப் புள்ள சொல்றது சரிதான்," என்றாள், என்னைப் பெற்றவள்.

சட்டியை வாங்கி நானே ரசம் ஊற்றினேன். அபூர்வம். அதனால் குறித்து வைக்கிறேன்.

மே 15, வியாழன்.

மேகம். மழை வருவதாக ஒரு பாவனை, வரவில்லை. தோள் நேற்றைவிட மேல். பாஸ்போர்ட் பார்த்தேன், இருக்கிறது. விசா போன வருஷம் வாங்கியது, இன்னும் செல்லும்.

அவள் சொன்னதை யோசித்தேன். சரிதான். நாலு பேர் எனக்குச் செய்ததை நான் செய்துவிடக் கூடாது என்று நினைத்தேனே தவிர, தே.க்கு எது சுலபம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இதை அவளிடம் வெறும் வாயால் சொல்ல முடியவில்லை. பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எதிரே போய் நின்றேன்.

"தப்புத்தான்டி."

என்னையே பார்த்தாள். கையிலிருந்த ஈரத் துண்டைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டாள்.

"போறது தப்பில்ல. நானா இருந்தாலும் போயிருப்பேன். ஆனா ஒரு நாளாச்சும் அழுதுட்டுப் போயிருப்பேன். நீ அழுதியா?"

"ஞாயித்துக்கெழம. பாத்ரூம்ல."

"எத்தனை நேரம்?"

"கொழாயில தண்ணி நிக்கிற வரைக்கும்."

"உங்க ஊர்ல தண்ணி அஞ்சு நிமிசந்தானே வருது."

சிரித்துவிட்டாள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. சாயங்காலம் தனியாகப் போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் பந்து அடித்தாள். நான் கூடப் போகவில்லை. சத்தம் வீடுவரை கேட்டது. எண்ணிக்கொண்டே இருந்தேன். நானூற்றுக்கு மேல் விட்டுவிட்டேன்.

வந்ததும், இனி யாரோடு ஆடுவாய் என்று கேட்டேன். புனேயில் ஒரு பெண் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். கோர்ட்டில் வாயே திறக்காதாம். "நிம்மதியா இருக்கும்," என்றாள். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

மே 16, வெள்ளி.

பதினோரு மணி பஸ்ஸில் தே.யை ஏற்றிவிட்டேன். அம்மா கொடுத்த முறுக்கு டப்பா மடியில், பைகள் காலடியில். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "சர்வ் போட்டுட்டு நின்னு வேடிக்க பாக்காதே, முன்னாடி ஓடு!" என்று கத்தினாள். பஸ் ஸ்டாண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. தேங்காய் விற்கிற அம்மா ஓரடி தள்ளி நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஹானாவுக்கு: வருகிறேன்.

உடனே பதில். சந்தோஷமாம். நீ எப்படிப்பட்ட ஆட்டக்காரி, உன்னைப் பற்றி நான் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும், எழுது என்று கேட்டிருக்கிறாள். போனில் தமிழாக்கிப் படித்தேன்.

உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. "நன்றாக உழைப்பேன்" என்று எழுதி அழித்தேன். வேலைக்கு மனுப் போடுவதுபோல இருந்தது. வலையருகே நிற்கிற என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? பார்த்தவள் பஸ்ஸில் போகிறாள்.

தே.க்கு எழுதினேன்: ஹானா கேக்குறா. நான் எப்படிடி ஆடுவேன்?

அரை மணி நேரம் பதில் இல்லை. கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் பார்த்தாயிற்று, நீல டிக் விழுந்துவிட்டது. அப்புறம் குரல் மெசேஜ், பின்னணியில் பஸ் ஹாரனோடு.

திருச்சியிலிருந்து: "எழுதிக்கோ. அக்கா மொத கேம்ல மண்ணு மாதிரி நிக்கும். கண்டுக்காதே. ரெண்டாவது கேம்லதான் முழிச்சுக்கும்."

குளித்தலை: "தலைக்கு மேல பந்து போச்சுன்னா 'உன்னுது'ன்னு கத்தும். யாரோடதா இருந்தாலும் கத்தும். பேசாம நீ ஓடிரு."

மறுபடி குளித்தலை: "ஜோக்கடிச்சா பயந்திருக்குன்னு அர்த்தம். சிரிச்சு வை. வாய மூடிட்டு ஆடுதுன்னா ஜெயிக்கப் போறீங்க."

இது எனக்கே தெரியாது.

கரூர்: "பெஞ்சுலருந்து எந்திரிக்கறப்போ அக்காவுக்கு வலது முட்டி புடிக்கும். கை குடு. ஆனா குடுக்கற மாதிரி காட்டிக்காதே, ரோசக்காரி. தண்ணி பாட்டில் வேணும்ங்கற மாதிரி கைய நீட்டு, அதப் புடிச்சுட்டு எந்திரிச்சுக்கும். நான் ரெண்டு வருசமா அப்படித்தான் பண்றேன்."

முட்டி பிடிப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இரண்டு வருஷமாக இவளுக்குத் தாகம் அதிகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றையும் போனில் ஆங்கிலமாக்கி ஹானாவுக்கு அனுப்பினேன். "மண்ணு மாதிரி"க்குப் போன் என்ன போட்டதோ, ஒரு கேள்விக்குறி வந்தது. முட்டி விஷயத்தை அனுப்பலாமா என்று கொஞ்ச நேரம். அனுப்பினேன்.

ஹானா கேட்டாள்: இதெல்லாம் யார் சொன்னது?

என் பார்ட்னர் என்று போட்டேன். மெசேஜ் போன பிறகுதான் கவனித்தேன். மாற்றவில்லை.