சிக்கனக் குழு மிச்சம் பிடித்த நான்கு மணி நேரம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கொத்தனாரின் மனைவி,
பச்சைக் கதவு வீடு,
சுகாதார நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பொதுச் செலவுச் சிக்கனக் குழு,
புதிய கட்டடம், மூன்றாம் மாடி.
(பழைய கட்டடமும் நன்றாகத்தான் இருந்தது.)

பொருள்: சுகாதார நிலையத்தில் மாத்திரை உறைகளில் படம் வரைந்து கொடுத்த பகுதி நேர உதவியாளரைச் சிக்கனம் என்று சொல்லி நீக்கியது – அதனால் அரசுக்குச் செலவு கூடியது – வேலையைச் சம்பளத்தோடு திரும்பக் கொடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தொலைபேசியில் இட்ட உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குழு எங்கள் சுகாதார நிலையத்தைச் சோதிக்க வந்த செவ்வாய்க்கிழமை காலை அங்கே இருந்தவர்கள்: தலைவராகிய தாங்கள். தங்களுக்கு வலப்பக்கம் மூன்று உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தணிக்கையாளர். அவர்தான் வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர். மடிக்கணினி வைத்திருந்த அம்மா. புகைப்படக்காரர். வெயிலே இல்லாத நாளில் தங்களுக்குக் குடை பிடித்தவர். தேநீர்க் குடுவை தூக்கி வந்தவர். வெளியே நான்கு வண்டிகளில் நான்கு ஓட்டுநர்கள். உள்ளே இருக்கும் குளிர்ச்சி போய்விடக் கூடாது என்று இன்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்கள். ஆகப் பன்னிரண்டு பேர். எங்கள் பக்கம் மருத்துவர், மருந்து கொடுப்பவர், படக்காரம்மா, துணி தேய்க்கும் அண்ணன், காய்கறிக்காரி, கைக்குழந்தையோடு ஒரு பெண், என் வீட்டுக்காரர், நான். என் பெயர் விட்டுப்போயிற்று என்று வேறு யாராவது சொன்னால், அவர் அன்று வரவில்லை என்று அர்த்தம்.

2. தாங்கள் என் உடன்பிறந்த தம்பி. இதை மறைத்து எழுதினால் பின்னால் யாராவது மொட்டைக் கடுதாசி போடுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தைப் பேசத்தான் ஞாயிற்றுக்கிழமை தங்களைக் கூப்பிட்டேன். தாங்கள், "அக்கா, வீட்டு விஷயம்னா எவ்வளவு நேரம் வேணா பேசு. ஆபீஸ் விஷயம்னா எழுதிக் குடு. சொந்தக்காரங்களுக்குச் செஞ்சான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றீர்கள். நியாயமான பேச்சு. அப்படி நாலு பேர் மெச்சும்படி தாங்கள் வளர்ந்து நிற்பதில் எனக்கு நிறைந்த மனசு. ஆனாலும் போனை வைக்கும் முன்னால் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் இதை எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்ததும் இதே கைதான்.

3. படக்காரம்மா என்று நாங்கள் கூப்பிடுவது அந்தப் பகுதி நேர உதவியாளரை. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை. வரிசையை ஒழுங்குபடுத்துவார், எடை பார்ப்பார், மாத்திரையை உறையில் போட்டுக் கொடுப்பார். எங்கள் பகுதியில் எழுத்துத் தெரியாத வயசாளிகள் நிறைய. உறையில் 'காலை ஒன்று, இரவு அரை' என்று எழுதினால் அவர்களுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். முதலில் படக்காரம்மா காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து பார்த்தார். கூட்ட நேரத்தில் அவசரமாக வரையும்போது இரண்டுமே வெறும் வட்டமாகிப் போயின. அதன் பிறகுதான் ஆளுக்கு ஒரு படம் என்று ஆரம்பித்தார். காய்கறிக்காரிக்குக் காலை என்றால் நிறைந்த கூடை, மதியம் பாதிக் கூடை, இரவு காலிக் கூடை. துணி தேய்க்கும் அண்ணனுக்குக் கசங்கிய சட்டை, தேய்ப்புப் பெட்டிக்கு அடியில் சட்டை, மடித்த சட்டை. என் வீட்டுக்காரருக்கு ஒரு வரிசைச் செங்கல், பாதிச் சுவர், கூரை போட்ட வீடு. எல்லாருக்கும் அவரவர் நாள் எப்படிப் போகும் என்று தெரியும், அதனால் யாரும் தப்பாகச் சாப்பிட்டதில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு மட்டும் படம் கிடையாது. அவர் மனசு நோகும் என்று மணி மணியாக எழுதிக் கொடுப்பார்.

ஒரு தடவை என் வீட்டுக்காரர் உறையைத் திருப்பிக் கொடுத்து, "கூரைக்குச் சாய்வு பத்தாதும்மா, மழைத் தண்ணி நிக்கும்" என்று சொன்னார். அடுத்த வாரம் சாய்வு சரியாக இருந்தது.

4. அன்று நடந்தது: தணிக்கையாளர் ஒரு உறையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, "மாத்திரைக்கு எதுக்கும்மா படம்? இதென்ன சின்னப் பிள்ளைங்க புத்தகமா?" என்று கேட்டார். "படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வரையறதில்லைங்க சார்" என்றார் படக்காரம்மா. "யார் வரையச் சொன்னது?" "யாரும் சொல்லலைங்க." "அப்ப உத்தரவு இல்லாத வேலை." மடிக்கணினி அம்மா அதைத் தட்டிக்கொண்டார். ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் நான்கு மணி நேர வேலை போயிற்று.

அதே கட்டடத்தின் பின் அறையில் எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று மூன்று வருடமாகப் பிளாஸ்டிக் பிரிக்காமல் நிற்கிறது. கடன் வாங்கி வாங்கியது என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாக நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதை இயக்க ஆள் போடவில்லை. குழு அந்தக் கதவு வரைக்கும் போனது. சாவி கிடைக்கவில்லை. "அறை பூட்டியிருந்ததுன்னு எழுதிக்கோங்க" என்று தணிக்கையாளர் சொல்ல, எல்லாரும் திரும்பி வந்துவிட்டீர்கள். பூட்டிய கதவை விட்டுவிட்டு வந்து திறந்த கையைப் பிடித்தீர்கள் என்பதே என் முறையீடு.

தங்களைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். தாங்கள் பாதிக் கையைத் தூக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அவர் இன்று வரை, "பாவம், அவனுக்கு எத்தனை வேலையோ" என்றுதான் சொல்கிறார். எனக்கு அந்தக் கடிகாரத்தின் வார் என்ன நிறம் என்று கூட ஞாபகம் இருக்கிறது. நானும் அன்று எழுந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தம்பி பத்துப் பேர் முன்னால் தலைவராக நிற்கும்போது அக்காக்காரி சத்தம் போட்டால் அவன் முகம் என்னாகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

5. அடுத்த மாதம் புது உறை வந்தது. வழவழப்பான தாள். ஒரு பக்கம் 'சிக்கனம் காப்போம்' என்று கொட்டை எழுத்து. மறுபக்கம் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். மருந்து கொடுப்பவர் கட்டத்துக்குள் ஒரு கோடு கிழித்துக் கொடுத்துவிடுவார். அவருக்குத் தனியாளாக இருநூறு பேர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் சமயம் மகளின் பிரசவத்துக்காக நான் பத்து நாள் வீட்டில் இல்லை. இரவில் தூக்கம் வருவதற்குக் கொடுத்த மாத்திரையை என் வீட்டுக்காரர் காலையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு மதிலில் ஒரு கல் ஆடுகிறது என்று முக்காலி மேல் ஏறியிருக்கிறார். தலை சுற்றியது. விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, "நான் கட்டின சுவர் ஒண்ணுகூட விழுந்ததில்ல. கட்டினவன்தான் விழுந்திருக்கேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன்.

6. இங்கே எக்ஸ்ரே எடுக்க முடியாததால் அவரை ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இருபத்து மூன்று நாள் படுக்கை, ஒரு அறுவை சிகிச்சை, உள்ளே ஒரு கம்பி. எங்களிடம் காசு கேட்கவில்லை, அதற்கு நன்றி. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'அரசு ஏற்ற செலவு' என்று ஒரு தொகை இருந்தது. மருந்து கொடுப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, படக்காரம்மாவுக்கு ஆறு வருடம் கொடுக்கக்கூடிய சம்பளம் என்று சொன்னார். தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். விழுந்தது ஒருவர்தான். அந்த உறையோடு இன்னும் எத்தனை பேர் தினமும் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதைத் தாங்கள் யோசிக்க வேண்டும்.

7. சென்ற வருடம் வீடு வீடாக வந்த துண்டறிக்கையில், நாட்டின் கடனை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டுப் பக்கத்தில் தங்கள் படத்தையும் போட்டிருந்தார்கள். படத்தைக் கத்தரித்துக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன். நல்ல படம், சட்டைக் கழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். இந்த வருடத் துண்டறிக்கையும் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சிக்கனக் குழு வந்த பிறகு ஆளுக்கு விழும் பங்கு கூடியிருக்கிறது, தாளும் தடித்திருக்கிறது. என் பேத்திக்கு இப்போதுதான் மூன்று மாதம். இன்னும் தலையே நிற்கவில்லை, அதற்குள் அந்தத் தலைக்கு ஒரு பங்கு.

கடன் வாங்குவதே தப்பு என்று சொல்கிறவள் இல்லை நான். தங்களுக்கு ஐந்து வயதில் விஷக் காய்ச்சல் வந்தபோது அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். அதே அம்மாவிடம், வாசல் தூணில் இரண்டு சிங்க பொம்மை வைக்க வேண்டும் என்று சித்தப்பா கடன் கேட்டு வந்தபோது, பேசி முடிக்கும் முன்பே கதவைச் சாத்தினார். எது காய்ச்சல், எது சிங்கம் என்று பிரித்துப் பார்க்க அவருக்குக் குழு தேவைப்படவில்லை. நம் வீட்டுப் பிள்ளையை அந்த நாற்காலியில் உட்கார வைத்தபோது, இந்தப் புத்தி அவனுக்கு இருக்கிறது என்றுதான் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

8. ஆகவே, படக்காரம்மாவின் நான்கு மணி நேர வேலையைப் பழைய சம்பளத்தோடு திரும்பக் கொடுக்கும்படியும், படம் வரைவதையும் வேலையாக எழுத்தில் சேர்க்கும்படியும் வேண்டிக்கொள்கிறேன். பின் அறைச் சாவியை யாரிடமாவது தேடச் சொல்லவும். அடுத்த தடவை குழு வரும்போது ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து வந்தால் போதும். குடை வேண்டாம், மழை வந்தால் எங்கள் வீட்டில் இருக்கிறது. அத்தானைப் பார்க்க வருவதானால் அது வீட்டு விஷயம், அதற்கு மனு தேவையில்லை. அவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வரைக்கும் நடக்கிறார்.

9. இனி ஒன்று. தங்கள் குழுவின் அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கலரில், சுகாதார நிலையத்துக்கு ஒரு பிரதி வந்திருக்கிறது. அதில் எங்கள் நிலையத்தைப் பற்றி, 'பணியிடம் நீக்கப்பட்டது. நோயாளிகளுக்கான உதவி செலவின்றித் தொடர்கிறது' என்று போட்டிருக்கிறது. எப்படித் தொடர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் விழுந்த செய்தி கேட்ட மறுநாள் முதல், படக்காரம்மா செவ்வாயும் வெள்ளியும் தானாக வந்து, நிலையத்தின் வெளிப்படியில் உட்கார்ந்து, வழவழப்புத் தாளில் பென்சில் பிடிக்காததால் சொந்தக் காசில் பேனா வாங்கி வரைந்து கொடுக்கிறார். அந்த இரண்டு நாளும் அவர் இப்போது வீட்டு வேலைக்குப் போகும் இடத்தில் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் உறையில் வரையும் வீட்டுக்கு இப்போது மாடியில் கைப்பிடிச் சுவரும் வைக்கிறார். மற்ற ஐந்து நாளும் வருகிறவர்கள் பழையபடி கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் தணிக்கையாளரை மன்னித்துவிட்டேன். எழுத்துத் தெரியாத ஒருவரோடு ஒரு வேளை கூட அவர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார். உறையை அடுத்த வீட்டில் காட்டிக் கேட்காமல் விழுங்கிய என் வீட்டுக்காரரை, வலியில் அவர் பல்லைக் கடித்ததைப் பார்த்த அன்றே மன்னித்துவிட்டேன். தங்களை மன்னிக்காமல் எனக்கு ஒரு நாளும் தூக்கம் வந்ததில்லை. நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். சம்பளம் இல்லாமல் அந்தப் படியில் வந்து உட்கார்ந்து, மிச்சம் பிடித்துவிட்டோம் என்று அரசாங்கத்தை நம்ப வைத்துக்கொண்டிருக்கும் படக்காரம்மா. அவர் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடும் நாள் வரைக்கும் அவரோடு நான் பேசப் போவதில்லை.

இடம்: பச்சைக் கதவு வீடு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பணிவுள்ள,
அக்கா
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவமனைத் தாள் ஒன்று, துண்டறிக்கை இரண்டு (ஒன்றில் படம் இருக்காது).