ஃபோன்லூபில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்

ஏப்ரல் 3, புதன்

காலையில் கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்தேன். ஒரு சாக்கு இலை, ஒரு செத்த சிட்டுக்குருவி. இந்த வயதில் ஏணியில் ஏறி இவ்வளவு வேலை செய்கிறவன் சேன்-மெர் ஊரில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மதியம் அக்கா மகள் அனாயிஸ் வந்தாள். பெல்ஜியத்திலிருந்து ஒரு சைக்கிள் சங்கம் அவள் விடுதியில் தங்க வருகிறதாம். முப்பத்தெட்டுப் பேர், ஜூன் 15. அறுபது கிலோமீட்டர் சுற்று வேண்டும், முக்கால்வாசி சரளையும் மண்ணுமாக இருக்க வேண்டும், தார் ரோடு கூடாது. பிடித்துவிட்டால் வருஷா வருஷம் வருவார்கள், மற்ற சங்கங்களுக்கும் சொல்வார்கள். பிடிக்கவில்லையென்றால் விடுதியைப் பூட்டிவிட்டு லிமோஜ் நகரத்து மருந்துக் கிடங்கு வேலைக்கே திரும்பிவிடுவாள். அங்கே ஜூலை வரை அவள் இடத்தை வைத்திருக்கிறார்கள்.

"பால் லாரி ஓட்டுன ஆளு நீங்க. உங்களுக்குத் தெரியாத பாதையா மாமா?"

முப்பத்து நான்கு வருஷம் ஓட்டினேன். வரைபடத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தேன். (ஒரு மணி நேரம். அழிப்பானும் தேவைப்பட்டது.)

ஏப்ரல் 14, ஞாயிறு

சுற்றின் முதல் பாதியை அனாயிஸோடு ஓட்டிப் பார்த்தேன். தடித்த டயர், வளைந்த கைப்பிடி உள்ள ஒரு சைக்கிளை எனக்குக் கொடுத்தாள். இதற்கு இப்போது தனிப் பெயர், தனிக் கடை, தனி உடுப்பு. எங்கள் காலத்தில் எல்லாச் சைக்கிளும் இந்தப் பாதையில்தான் ஓடின, யாரும் பெயர் வைக்கவில்லை.

முப்பத்தொரு கிலோமீட்டர். ஃபர் மரக் காட்டில் மரம் வெட்டும் வண்டிகள் முழங்கால் ஆழத்துக்குத் தடம் போட்டு வைத்திருக்கின்றன. மேடு வந்த இடங்களில் மண்ணைப் பரிசோதிப்பதற்காக இறங்கி நடந்தேன்.

"இன்னும் எத்தனை எடத்துல மண்ணப் பாக்கணும் மாமா?"

"அவசரப்பட்டா பாதை போட முடியாது பெண்ணே."

ஏப்ரல் 15, திங்கள்

எழுந்திருக்க முடியவில்லை. தோட்டத்துக்கு ஓய்வு கொடுத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இரண்டாம் பாதி. நாற்பத்து நான்காவது கிலோமீட்டரில் ஃபோன்லூப் வழி. இரண்டு பக்கமும் கல் சுவர், மேலே பீச் மரங்கள் கூடாரம் போட்ட மாதிரி. ஒன்றே முக்கால் கிலோமீட்டர்தான், ஆனால் சுற்றுக்கே உயிர் அதுதான். அதை விட்டால் ஆறு கிலோமீட்டர் தார் ரோட்டில், மர லாரிகளுக்கு நடுவே போக வேண்டும்.

போய்ப் பார்த்தால் குறுக்கே முள்கம்பி, மூன்று வரிசை. உள்ளே சிவப்புப் பசுக்களும் கன்றுகளும். வேலியைத் தாண்டலாமா என்று யோசிப்பதற்குள் ஒதில் பெய்ரா தன் நான்கு சக்கர வண்டியில் வந்துவிட்டாள். அந்தப் பண்ணையை அப்பா இறந்ததிலிருந்து தனியாக நடத்துகிறவள்.

"என்னய்யா லெயோனார், இடுப்புல எதுக்கு இவ்வளவு இறுக்கமா சைக்கிள் டவுசர்?"

இது பொதுப் பாதை, அடைக்க உனக்கு உரிமையில்லை என்றேன். வரைபடத்தில் புள்ளிக்கோடு இருப்பதைக் காட்டினேன். நான் ஊர் மன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் பாதைகளை விற்கப் பார்த்தபோது மேஜையைத் தட்டி எதிர்த்தவன் நான் என்பதையும் சொன்னேன். அனாயிஸ் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை அது.

ஒதில் இஞ்சினை அணைத்தாள். "மேஜையைத் தட்டுனியா? நீயா?" சிரிக்கக்கூட இல்லை. "வெள்ளிக்கிழமை ஆபீஸ் தெறப்பாங்க. போய்ப் பதிவேட்டப் பாரு."

ஏப்ரல் 26, வெள்ளி

ஊர் மன்ற அலுவலகம். எழுத்தர் மிரேய் பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து போட்டாள். 1998 நவம்பர் 19, வியாழன். புழக்கத்தில் இல்லாத ஏழு பாதைகளை அடுத்துள்ள நிலக்காரர்களுக்கு விற்பது. ஐந்தாவது ஃபோன்லூப். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு இல்லை. கீழே பதினொரு கையெழுத்து. ஒன்பதாவது என்னுடையது, பன்றி வால் மாதிரி கடைசியில் சுழித்து.

"நீங்க எதிர்த்தீங்கன்னுல்ல சொல்வீங்க?" என்றாள் மிரேய்.

நவம்பர் மூன்றாவது வியாழன். இப்போது ஞாபகம் வருகிறது. அன்றுதான் அந்த வருஷத்துப் புது ஒயின் வந்த நாள். பக்கத்து அறையில் பாட்டில்களைத் திறந்து வைத்திருந்தார்கள், தொத்திறைச்சி வாசனை கதவிடுக்கில் வந்தது. மேயர் ஏழு பெயர்களையும் ஒரே மூச்சில் வாசித்தார். ஏழு தடவை கை தூக்கினோம். நான்கு நிமிஷம் ஆகியிருக்குமா?

மேஜையைத் தட்டினேனா? தட்டினேன் — ஒயினைக் கொண்டா என்று.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்ததாக இருந்தது. பொய்னு தெரிஞ்சா சொன்னேன்? தெரியல. சத்தியமா தெரியல.

ஏப்ரல் 27, சனி

அனாயிஸ் கேட்டாள். மிரேய் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன்.

மே 2, வியாழன்

அனாயிஸ் பாதையைப் பெல்ஜியக்காரர்களுக்கு அனுப்பிவிட்டாளாம், ஃபோன்லூபோடு சேர்த்து. இன்னொன்றும் செய்திருக்கிறாள். பொதுப் பாதையை ஒதில் பெய்ரா சட்டவிரோதமாக அடைத்துவிட்டாள் என்று மாவட்ட ஆட்சி அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம். அன்றைய மன்ற உறுப்பினரான என் மாமா சாட்சி என்று என் பெயர். திங்கட்கிழமை தபாலில் போடுவாள்.

கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது. என்னைப் பற்றிய வரி மிக நன்றாக இருக்கிறது.

அது போய்ச் சேர்ந்தால் அங்கேயும் பதிவேட்டைப் புரட்டத்தான் போகிறார்கள். அப்புறம் ஒதில் இந்த ஜென்மத்தில் அந்தக் கம்பியை அவிழ்க்க மாட்டாள்.

மே 4, சனி

மழை. சொல்லவில்லை.

மே 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அனாயிஸ் உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து அப்பமாகச் சுட்டு வைத்திருந்தாள், அதைச் சாப்பிடுவதற்கு முன்பே சொன்னேன். சாப்பிட்ட பிறகு சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது.

அப்பத்தின் மாவு மூடியை அறுத்து உள்ளே பாலேட்டை ஊற்றினாள். என் தட்டிலும் வைத்தாள். பிறகு:

"நீங்க கூட்டிச் சொல்வீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் மாமா. கல்யாணத்துல, சீட்டாட்டத்துல, நானும் சிரிப்பேன். பாதையில கூட்டிச் சொன்னா ஆளுங்க மர லாரிக்கடியில போயிடுவாங்க."

"சரிதாம்மா."

"மீதிப் பாதை? அதுல எவ்வளவு நெசமா தெரியும், எவ்வளவு சும்மா?"

நான் லாரியில் போனது பண்ணை வாசல் வரைதான். அதற்குப் பின்னால் உள்ள பாதைகள் காதில் விழுந்தவை. ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். அவள் பென்சிலால் பதினோரு இடத்தில் வட்டம் போட்டாள். கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கிழிக்கவில்லை.

மே 8, புதன்

போர் முடிந்த நாள், விடுமுறை. நினைவுத் தூணில் மலர் வளையம், ஊதுகுழல், ஒரு நிமிஷ மௌனம். பிறகு எல்லோரும் மன்றக் கூடத்தில் ஒரு கோப்பை வெள்ளை ஒயின். ஒதில் ஜன்னலோரம் நின்றாள். போய், ஜூன் 15 அன்று முப்பத்தெட்டுப் பேர் போக வழியைத் திறந்துவிடக் கேட்டேன்.

"எதுக்குத் தெறக்கணும்? அது பொதுப் பாதைன்னு சொன்னியே."

"இல்ல. ஒன்னோடது. வித்துட்டோம்."

"காதுல விழல."

விழுந்தது. அவளுக்கு மட்டுமல்ல, மொத்தக் கூடத்துக்கும் விழட்டும் என்றுதான் கேட்டாள். சரி என்று உரக்கச் சொன்னேன்: மேஜையைத் தட்டவில்லை, ஏழுக்கும் கை தூக்கினேன், புது ஒயினுக்கு அவசரம். முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். அன்று என்னோடு கை தூக்கியவர்களில் நான்கு பேர் அங்கேதான் இருந்தார்கள். நான்கு பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

ஒதில் சிரிக்கவில்லை. "எங்க அப்பா அதை ஒழுங்கா கேட்டுத்தான் வாங்கினாரு. ஊரே அவரப் பாதை திருடன்னுச்சு. ஒன் கதையாலதான்."

இதை நான் யோசித்ததே இல்லை. ஒருநாள்கூட.

"மன்னிச்சுக்கோ ஒதில்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை.

கோப்பையைக் காலி செய்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "முப்பத்தெட்டுப் பேரு. ஒருத்தன் கதவ மூட மறந்தா என் கன்னு ரோட்டுல நிக்கும். அன்னிக்கு ரெண்டு முனையிலயும் ஆள் நிக்கணும். ஒரு முனை நான். இன்னொன்னு?"

"நான் நிக்கிறேன்."

"பேச்சு கீச்சு கூடாது. கதவத் தெறக்கணும், மூடணும்."

மே 19, ஞாயிறு

வட்டம் போட்ட பதினோரு இடத்தையும் போய்ப் பார்த்து முடித்தோம். ஏழு சரி. நான்கு இல்லவே இல்லை: ஒன்று குளம், ஒன்று முட்புதர், இரண்டு வெறும் என் வாய். அனாயிஸ் மாற்றிவிட்டாள். அந்தக் கடிதத்தையும் தபாலில் போடவில்லை. சுற்று இப்போது ஐம்பத்தெட்டு. முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஜூன் 15, சனி

எட்டரைக்கே ஃபோன்லூபின் மேல் முனையில் நின்றேன். கம்பி இருந்த இடத்தில் ஒதில் ஒரு கதவு போட்டிருக்கிறாள். இரவு மழையால் மண் இறுகி நல்ல தரையாக இருந்தது. முதல் ஆள் பதினொன்று பத்துக்கு, கடைசி ஆள் பன்னிரண்டு நாற்பதுக்கு. எண்ணினேன்: முப்பத்தேழு. முப்பத்தெட்டாவது ஆளுக்கு வயிறு சரியில்லையாம், விடுதியிலேயே இருந்துவிட்டார். கன்று ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரு டயர் பஞ்சர்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் மரங்களை அண்ணாந்து பார்த்து, இது ஊர்ப் பாதையா என்று கேட்டார்.

"இல்லீங்க. கீழ்க் கதவுல ஒரு அம்மா நிப்பாங்க, அவங்களோடது. இன்னிக்கு விட்டிருக்காங்க."

போகும்போது அவர் கீழே தனக்குத் தொப்பியைத் தூக்கினார் என்று சாயங்காலம் ஒதில் சொன்னாள்.

ஜூன் 18, செவ்வாய்

பெல்ஜியக்காரர்கள் நேற்றுக் கிளம்பினார்கள். அடுத்த ஜூனுக்குத் தேதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். இன்று அனாயிஸ் லிமோஜ் கிடங்குக்குப் போன் பண்ணி, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு துணிக்கொடிக்குப் போனாள். எல்லாம் பெல்ஜியக்காரர்கள் படுத்த விரிப்பு, துவைத்த ஈரத்தோடு. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான். மத்தியானம் வரை பிழிந்து காயப்போட்டோம்.