வாராவாரம் யாருக்குப் பிறந்தநாள்?

என்னங்க,

முசஃபா தொழிற்பேட்டையில் நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து அசந்து தூங்குகிறீர்கள். இடியாப்பம் ஹாட்பேக்கில் இருக்கிறது. சொதியைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். ஹெப்சி உள்ளே கணக்குப் போடுகிறாள்.

நம் சபையில் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே பாட்டும் சயின்ஸும் நடத்துகிறோமே, அதை நிறுத்தச் சொல்லிக் கத்தினீர்கள். கம்பெனி கொடுத்த பிளாட், யாராவது புகார் செய்தால் வேலையும் விசாவும் போகும் என்றீர்கள்.

நேற்று லிப்டில் வாட்ச்மேன் ஹெப்சியிடம், "பாப்பா, இத்தனை பிள்ளைங்க எதுக்கு மேல வருது?" என்று கேட்டிருக்கிறார். "கிளாஸுக்கு அங்கிள்" என்றிருக்கிறாள். இனி யாராவது கேட்டால் பர்த்டே பார்ட்டி என்று சொல்லச் சொன்னேன்.

"வாராவாரம் யாருக்கும்மா பர்த்டே?"

கிண்டலில்லை. நான் ஒரு பெயர் சொல்லிக்கொடுத்தால் அதை அப்படியே சொல்வதற்காகக் கேட்டு நின்றாள். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பில்டிங் மேனேஜரைப் பார்க்கப் போகிறேன். அவர் கூப்பிட்டு விசாரிப்பதற்குள் நானே சொல்லி, நடத்தலாமா என்று கேட்கிறேன். கூடாது என்றால் நிறுத்திவிடலாம். அதோடு விடுவாரா, உங்கள் கம்பெனிக்குச் சொல்வாரா, தெரியவில்லை. எழுப்பினால் போகவிடமாட்டீர்கள்.

பாட்டு சொல்லித்தர ஸ்டெல்லா அக்கா கீபோர்டோடு வந்தால் உட்காரச் சொல்லுங்கள்.

அம்மா எங்கே என்று ஹெப்சி கேட்டால், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

வேண்டாம். உள்ளதையே சொல்லுங்கள். பயந்துபோவாள், பக்கத்திலேயே இருங்கள்.