டார்வின் பிள்ளைகளோடு பந்து விளையாடிய பத்மாக்காவுக்கு

என் அன்பு பத்மாக்கா,

போன வாரம் மறுபடியும் நம் பக்கத்து விடுதிக்குப் போயிருந்தேன். சமையற்கூட வாசலில் பொறுப்பாளர் அம்மா என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உங்கள் தோழி எங்கே? பின்னால் வருகிறாரா?" என்று கேட்டார். நீண்ட விடுப்பிலிருந்து அன்றுதான் திரும்பியவருக்குச் செய்தி எட்டியிருக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். தமிழில் அதை இன்னும் யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கு உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா? பருத்தித்துறையில் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை நீங்கள். மெல்பேர்னுக்கு வந்ததும் உங்கள் சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடுக்கப் போனீர்கள். நானோ மதுரைக்காரி, கணவரின் வேலைக்காகக் கப்பலேறியவள், பாட்டைத் தவிர ஒன்றும் தெரியாதவள். அந்தத் தெருவில் தமிழ் பேசிய வீடுகள் நம் இரண்டும்தான்.

முதல் நாள் நீங்கள் என்னை "நீர்" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜா வேஷம் கட்டியவர்தான் அப்படிப் பேசுவார் என்று நினைத்திருந்தேன். "ஏன் சிரிக்கிறீர்? வாரும், கதிரையில இரும்" என்றீர்கள். அன்று உட்கார்ந்தவள்தான்.

1974 கிறிஸ்துமஸுக்கு, ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் நகரத்தையே புயல் பிய்த்து எறிந்தது. வீடிழந்த தாய்மாரையும் பிள்ளைகளையும் விமானங்களில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்தார்கள். ஆண்கள் பலர் இடிபாடுகளை அகற்ற அங்கேயே தங்கிவிட்டார்கள். நம் வீட்டுக்குப் பக்கத்து விடுதியிலும் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. நல்ல வெயில் நாளில், யாரோ கொடுத்த கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"வசந்தி, வெளிக்கிடும்" என்றீர்கள்.

"எங்கக்கா? நம்மளை யாரு கூப்பிட்டா?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை. அந்தச் சனத்துக்குச் சாப்பாடு இறங்கேல்லையாம். பெரிய சட்டியை எடும்."

அங்கே சாண்ட்விச்சுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு சீனத்துப் பெரியவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். டார்வினில் கடை வைத்திருந்தவராம். கடையோடு மனைவியையும் புயலில் இழந்தவர் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். நீங்கள் குசினிக்குள் போய் அரிசியைக் குழைய வேகவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, உப்பிட்டுக் கொண்டுவந்தீர்கள். அவர் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய், ஆவியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"காஞ்சி?" என்று கேட்டார். ஆங்கிலத்திலும் கஞ்சிக்கு அதுதான் பெயராம்.

"ஓம், கஞ்சி!" என்றீர்கள் தமிழிலேயே. அவருக்கும் அது விளங்கிவிட்டது. கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அழுதுகொண்டேதான் குடித்தார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாளிலிருந்து அவரே இஞ்சி நறுக்க வந்துவிட்டார்.

பெரியவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். பிள்ளைகள்தான் சரியாகவில்லை. அவர்கள் தூங்குவதில்லை என்று தாய்மார் சொன்னார்கள். ஜூலி என்ற பத்து வயதுப் பெண் விமானத்தில் ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை. அவளுடைய அப்பா டார்வினிலேயே நின்றுவிட்டார். நீங்கள் ஒரு பந்தைக் கொண்டுபோனபோது பொறுப்பாளர் அம்மா தடுத்தார். "இந்தக் குழந்தைகளுக்கு ஓய்வு வேண்டும், விளையாட்டு வேண்டாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார்.

வெளியே வந்து என்னிடம் பொரிந்தீர்கள். "நித்திரை வராத பிள்ளைக்கு என்னத்துக்கு ஓய்வு? ஓடிக் களைச்சால்தானே கண் மூடும்!"

பிறகு அந்தக் காற்று நாள். உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்பது அபத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல், நாமெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தோம். வடக்கிலிருந்து அனல் காற்று கிளம்பி, கூடத்தின் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கியது. மெல்பேர்னில் கோடைக்கு ஓரிரு முறை அடிக்கிற காற்றுதான். ஆனால் அந்தத் தகரச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகள் வீரிட்டுக்கொண்டு மேசைகளுக்கு அடியில் புகுந்தார்கள். தாய்மாருக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று பொறுப்பாளர் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், யார் காதிலும் விழவில்லை.

நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தீர்கள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. பந்தைத் தரையில் உருட்டினீர்கள். ஒரு பையன் அதைக் காலால் தள்ளினான். திரும்ப உருட்டினீர்கள். "வசந்தி, நீர் என்ன மரம் மாதிரி நிக்கிறீர்? பாடும்!" என்று கத்தினீர்கள்.

"இந்த இரைச்சல்லயா? என்னத்தக்கா பாட?"

"உங்கட கும்மி! கை தட்டும்!"

நானும் தவழ்ந்து உள்ளே போனேன். மதுரைக் கும்மி, மெல்பேர்ன் மேசைக்கு அடியில்! முதலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஒரு தாய் குனிந்து வந்து தட்டினாள். சீனப் பெரியவர் மேசையின் மேல் தாளம் போட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் பந்து ஒரு கை மாற வேண்டும் என்று நீங்கள் சைகையிலேயே விதி போட்டீர்கள். கூரை ஒரு பக்கம் அதிர, நாம் ஒரு பக்கம் அதிர்ந்தோம். அடுத்த மேசைக்குப் பந்து போனது, அதற்கடுத்ததற்கும் போனது. ஜூலியிடம் வந்ததும் நின்றுவிட்டது. அவள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டிருந்தாள்.

யாரும் பறிக்கவில்லை. எல்லோரும் தட்டிக்கொண்டே இருந்தோம். அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் இரண்டு கைகளையும் நீட்டினீர்கள்.

"கேட்ச்" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல். அவள் அம்மா மேரி வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பொறுப்பாளர் அம்மாவே முன்வாசல் புல்வெளியைத் திறந்துவிட்டார். உங்கள் கணவர் சிவம் அண்ணன் ஒரு பீப்பாய் வளையத்தைக் கம்பத்தில் அடித்துக் கொடுத்தார். தொழிற்சாலை முடிந்ததும் நேரே அங்கே போனீர்கள். பிள்ளைகள் வலைப்பந்து ஆடினார்கள், பிறகு தாய்மாரும் இறங்கினார்கள். ஓடிக் களைத்தவர்கள் நம் சோற்றையும் பருப்பையும் கேட்டு வாங்கித் தின்றார்கள். அந்தப் பிள்ளைகள் தூங்கத் தொடங்கிய வாரம் அதுதான்.

ஜூலியின் அப்பா வந்து சேர்ந்ததும் ஓர் ஆட்டத்தின் நடுவில்தான். பெட்டியோடு வேலி ஓரம் நின்றார். மேரி கண்டுவிட்டாள். ஜூலி கையில் பந்து இருந்தது. அப்பாவைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், எறிந்து கோலும் போட்டுவிட்டுத்தான் ஓடினாள். "இவள்தான் விளையாட்டுக்காரி!" என்று நீங்கள் குதித்த குதி இருக்கிறதே! அந்த நாளில் மட்டும் பிஸ்கட் டின் அடுக்குகிற பத்மாவை உங்களிடம் நான் காணவில்லை. பருத்தித்துறை டீச்சர்தான் புல்லில் நின்றார்.

அவர்கள் டார்வினுக்குத் திரும்பிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத செய்தி இது: உங்கள் இறுதிச் சடங்குக்கு மேரி அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாள். சிவம் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஜூலி பள்ளி அணியில் ஆடுகிறாளாம், வாயாடியாம். "அவளை யாராவது நிறுத்தினால் தேவலை" என்றாள் மேரி. அந்த இடத்தில் சிவம் அண்ணன் சிரித்தார், அக்கா. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

இப்போது விடுதியில் வியட்நாமியக் குடும்பங்கள். படகில் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்களுக்கும் கஞ்சி தெரிகிறது, பெயர்தான் வேறு. அவர்கள் சமைப்பதை நான் கற்றுக்கொள்கிறேன், என் ரசத்தைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகள் வெளியே வருவதில்லை. வந்தாலும் சுவரோரமாகவே நிற்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் என்ன செய்திருப்பீர்கள்?

நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. என் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பேருந்துக்குக்கூட ஓடாதவள். வலைப்பந்து நடுவர் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சமையற்கட்டில் உங்கள் மகள் மாலதி எனக்கு விதிகளைக் கேள்வி கேட்கிறாள், எல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் பதில் சொல்கிறேன்.

"ராங், அன்ரி! அகெய்ன்!" என்கிறாள். உங்கள் கண்டிப்பு அப்படியே வந்திருக்கிறது.

முதல் தேர்வில் தோற்றுவிட்டேன். பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கிக் கோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். கோடை வரும்போது மறுபடி எழுதுவேன், ஓடுவேன். தேறிய பிறகு அந்தச் சுவரோரப் பிள்ளைகளை நானே புல்லுக்கு அழைத்துப் போவேன். மாலதி வளையத்தடியில் நிற்பாள், இதைப் பேசி முடித்துவிட்டோம். உங்கள் பேச்சிலேயே விடைபெறுகிறேன், போட்டு வர்றேன் அக்கா, வாசலில் மாலதி ஓட்டச் சப்பாத்தோடு காத்திருக்கிறாள், இன்றைக்கு எனக்கு மூன்று சுற்று ஓட்டமாம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
மதுரை வசந்தி
மெல்பேர்ன்