சத்தம் கேட்ட அன்றைக்கே

புது ஹார்ட் டிஸ்க்கின் உறையைக் கிழித்ததும் அந்த வாசனை வந்தது. செருப்புக் கடை வாசனையும் பேட்டரி கடை வாசனையும் கலந்த மாதிரி ஒன்று. நீ ஒவ்வொரு முறையும் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "எக்கா, இதுல இன்னும் ஒரு கவலையும் ஏறல" என்பாய். இன்று நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல்தான். போய்ச் சேர்ந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்று என் மாமியார் சொல்வார். சொல்லட்டும். அவருக்கு உன்னைத் தெரியாது.

காலையில் கதவைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பழைய டிஸ்க் டிக் டிக் என்றது. உடனே ஆளை அனுப்பிப் புதியதை வாங்கிவிட்டேன். இப்போது அதில் ஓ.எஸ். ஏறிக்கொண்டிருக்கிறது. அது முடிந்து, பேட்டர்ன் சாஃப்ட்வேர் போட்டு, வேலம்பாளையத்துக் கம்பெனிக்கு மார்க்கர் தாள் அச்சடித்து மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். உடுப்பின் துண்டுகளை வரைந்த அந்தத் தாளைத் துணிமேல் விரித்துத்தான் வெட்டுவார்கள். தாள் போகவில்லை என்றால் கட்டிங் டேபிள் சும்மா கிடக்கும். பதினொன்றரைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் மார்பு ஸ்கேன். குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. இரண்டு முறை நாள் வாங்கி, இரண்டு முறையும் தள்ளிப்போட்டாயிற்று. உட்கார்ந்து வேலையை முடித்தால் ஸ்கேன் போச்சு. ஸ்கேனுக்குப் போனால் மார்க்கர் போச்சு. என்ன செய்வதென்று தெரியாமல், மார்க்கர் அச்சடிக்கிற பிளாட்டரில் வெட்டி எறிந்த தாளின் ஓரத்தை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருப்பூர் வீரபாண்டியில் இந்த மாடி அறையை நாம் பிடித்தபோது ஊரே சிரித்தது. இரண்டு பொம்பளைகள் மார்க்கர் போட்டுப் பிழைக்கப்போகிறார்களாம் என்று. பேட்டர்ன் என் பாடு, கம்ப்யூட்டர் உன் பாடு. நான் காங்கேயம் பக்கத்துக்காரி, மரியாதை போட்டு இழுத்து இழுத்துப் பேசுவேன். நீ தூத்துக்குடியிலிருந்து வந்தவள், பேசினால் கத்தரிக்கோல். ஓனர்கள் என்னிடம் விலை பேசுவார்கள், உன்னிடம் பயப்படுவார்கள்.

அந்தக் கட்டிங் மாஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? சிபியு சூடாகிறது என்று, பனியனில் பஞ்சு ஊதுகிற ஏர் கன்னை எடுத்து அதற்குள் அடித்துவிட்டார். கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரும் போய் போர்டு செத்தது. நீ போய்த் திறந்து பார்த்துவிட்டு நின்ற நிற்பை இன்னும் மறக்க முடியவில்லை.

"ஏன் மாஸ்டர், துணிக்கு ஊதுத காத்த மூளைக்கு ஊதுதீயளே, நல்லா இருக்கா இது?"

"பஞ்சு அடஞ்சிருந்துச்சுங்கம்மா. சுத்தம் பண்ணலாம்னுதானுங்க" என்று அவர் பின்வாங்கினார்.

"சூடாகுதுன்னா உடனே என்னையக் கூப்பிடணும். அது சொல்லுதுல்லா? சொல்லும்போது கேக்கணும்ல்லா?"

அதுதான் உன் வேதம். டிஸ்க் டிக் டிக் என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஃபேன் உறுமினால் அன்றைக்கே கழற்ற வேண்டும். "சொல்லாமச் சாவுறது கொஞ்சம்தாங்க்கா. சொல்லிட்டுச் சாவுறதுதான் நெறைய. காது குடுக்கத்தான் ஆளில்ல." எத்தனை கம்பெனியில் எத்தனை பேரை நிற்க வைத்து இதைச் சொல்லியிருப்பாய்! ஊருக்குத்தானடி உபதேசம். உனக்கு இல்லை.

திரையில் ஃபைல்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நீ சொல்லித் தந்தபடியே பழைய டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இரண்டையும் மாட்டி வைத்துக்கொண்டு அவசரத்தில் வேலை இருக்கிற டிஸ்க்கை ஃபார்மேட் அடித்தவர்கள் இந்த ஊரில் உண்டு. பேக்கப் பத்திரமாக இருக்கிறது. அதிலும் நீ சொன்னபடிதான், ஒன்று இங்கே, ஒன்று என் வீட்டுப் பீரோவில். உன் பேச்சை நான் இம்மியும் தட்டவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்த பிறகுதான் இன்ஸ்டாலை அழுத்தினேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய். கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, மேஜைமேல் ராகுகாலம் பார்க்க ஒரு காலண்டர் வைத்திருந்த ஒரே ஆள் நீதான். கேட்டால், "இயேசுவுக்கு ராகுகாலம் கெடையாதுக்கா, ஓனருக்கு இருக்கு" என்பாய். எந்தக் கம்பெனியில் ஓ.எஸ். போட்டாலும், முடிந்ததும் முதல் வேலையாக, "உங்க குலசாமி படம் இருக்காண்ணே?" என்று கேட்டு வாங்கித் திரையில் வைப்பாய். அதைப் பார்த்ததும் ஓனர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் மற்ற சாஃப்ட்வேர் எல்லாம். இங்கே யாருக்கு எது முக்கியம் என்று உனக்கு அவ்வளவு தெரியும்.

அவ்வளவு தெரிந்தவள் உன் உடம்பை மட்டும் ஏன் அப்படி விட்டாய்?

திருப்பூரில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. பிள்ளை பெறுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஷிப்மெண்ட் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். பல் வலியா, ஷிப்மெண்ட் முடியட்டும். பெண் பார்க்கப் போகணுமா, ஷிப்மெண்ட் முடியட்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட அதற்கு அப்புறம் தொடர்வார்கள். ஒரு ஷிப்மெண்ட் முடியும்போது அடுத்ததற்கு நூல் வந்து இறங்கியிருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறோம். நாம் எல்லோரும் சேர்ந்து பேசிக்கொள்கிற பொய் அது.

பிளாட்டரில் பேப்பர் ரோலைத் தூக்கி மாட்டும்போது ஒருநாள் முகம் சுளித்தாய். என்னவென்று கேட்டேன். "தோள் பிடிச்சிருக்குக்கா. மவுசப் பிடிச்சிப் பிடிச்சி" என்றாய். தைலம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கித் தேய்த்துக்கொண்டாய்! என் எதிரிலேயே, சிரித்துக்கொண்டே தேய்த்துக்கொண்டாய்.  தைலத்துக்குக் கேட்கிற வலி இல்லை என்று தெரிந்தே தேய்த்திருக்கிறாய்.

கடைசியில் நான் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனபோது, டாக்டரம்மா உன் மார்பில் இருந்த கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். அப்போது சித்திரை வெயில். நீ தலையைக் குனிந்துகொண்டு, "கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே இருக்கு" என்றாய். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன் புள்ள என்றகிட்டச் சொல்லல? நா என்ன செத்தா போயிட்டேன்?"

"ஒவ்வொரு ஷிப்மெண்டா தள்ளிப் போச்சுக்கா" என்றாய். பஸ் லேட் என்று சொல்கிற குரலில் சொன்னாய்.

அந்த ஷிப்மெண்ட் எல்லாம் யாருடையது? உனதா? எந்த ஊரிலோ எவனோ போட்டுக்கொள்ளப்போகிற பனியன். இரண்டு சலவையில் கழுத்து தொங்கிப்போகும். அதற்காகவா? உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் ஒரு ஓனர் எனக்குப் போன் செய்தார். வருத்தம் தெரிவித்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். நல்ல பொண்ணுங்க, கெட்டிக்காரப் பொண்ணுங்க என்றார். அதே மூச்சில், "அந்தப் போலோ பனியன் ஃபைலு எந்த டிரைவுல இருக்குதுங்கக்கா?" என்றார். டி டிரைவில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் யாரோ. நீ யாரோ இல்லை. பொய் சொல்லி என்னைத் தைலம் வாங்க வைத்தவள் நீ. என்னைத் தனியாக இந்தத் திரை முன்னால் உட்கார வைத்தவள் நீ. உன்னை மன்னித்துவிட்டேன் என்று உங்கள் கோயிலில் ஃபாதரிடம் சொன்னேன். சும்மா சொன்னேன்.

இப்போது போன் வந்தது. வேலம்பாளையத்துத் தம்பிதான்.

"அக்கா, மார்க்கர் வந்துருமுங்களா? கட்டிங் மாஸ்டரு கையக் கட்டிட்டு உக்காந்திருக்காருங்க."

"தம்பி, டிஸ்க்கு போயிருச்சுங்க. மாத்தி ஏத்திட்டிருக்கேனுங்க. எனக்கு ஆஸ்பத்திரிக்கு வேற போகோணுமுங்க."

"அட, நாளைக்குப் போயிக்கலாமுங்கக்கா. இன்னிக்கு ஒருநாளு பாத்துக் குடுத்துருங்க. இந்த ஷிப்மெண்ட் மட்டும் முடியட்டுமுங்க."

நல்ல பையன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எனக்கும் வாயில் "சரிங்க தம்பி" என்று வந்துவிட்டது, பழக்கம். இரண்டு முறை அப்படித்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து, மேஜையில் கழற்றி வைத்திருந்த பழைய டிஸ்க் கண்ணில் பட்டது. காலையில் அது டிக் டிக் என்றதும் அரை மணி நேரத்தில் புதியது வாங்கிவிட்டேன். என் உடம்பு சொல்லி எத்தனை நாளாகிறது? அட பாவி, உன்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டே உன் நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்!

"முடியாதுங்க தம்பி" என்றேன். "சாயங்காலம்தான் தருவேன். அவசரம்னா வேற பக்கம் போட்டுக்கோங்க."

தம்பி மார்க்கர் பேச்சை விட்டுவிட்டார். அப்புறம், "என்னங்கக்கா, உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றார்.

"தெரியலீங்க. அதத்தான் பாக்கப் போறேன்."

அறையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எல்லாம் ஏறி முடிந்ததும், உன் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கும். பழைய டிஸ்க்கில் உன் பெயர் இருந்தது. திறக்கும்போதெல்லாம் உன் பெயரை அழுத்தித்தான் உள்ளே போவேன். இன்று சாயங்காலம் அந்த இடத்தில் என் பெயரை அடிப்பேன். அதற்கும் உன்மேல்தான் கோபம்.

மிச்சத்தை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு பெண், டெய்லராக இருக்க வேண்டும், தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருக்கிறது. "சீக்கிரம் விட்ருவாவளாக்கா? பர்மிஷன்லதான் வந்தேன், செக்‌ஷன்ல தேடுவாவ" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. எழுந்து ஓடிவிடுவாளோ என்று இருந்தது. "உக்காரு கண்ணு. உன்னையத் தேடினாத் தேடட்டும்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு என்னவென்று சொல்லப்போகிறார்களோ தெரியாது. பயமாக இருக்கிறது. பக்கத்தில் நீ இருந்திருக்க வேண்டும், நீ இல்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான். அது இன்னும் ஆறவில்லை. ஆறியிருந்தால் இந்நேரம் மார்க்கர் அச்சடித்துக்கொண்டிருப்பேன்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.