கடைசி வரிசையில் மலர்

அடுகோடி மையம்
7 ஜூன் 2024

அன்புள்ள சுனிதாவுக்கு,

வருகைப் பதிவேடு போகும் பையிலேயே இதையும் வைத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் என் குரலே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தொழில் வழிகாட்டும் ஆசிரியர்களுக்காக நீ எழுதிய பாடத் தொகுப்பு வந்து சேர்ந்தது. அட்டை அழகு. அட்டையில் உன் பெயர் மட்டும் இருப்பது இன்னும் அழகு. ஐந்தாம் பாடத்தில் வரும் கார்மென்ட்ஸ் பெண்களை உனக்கு யார் தந்தது? பெட்டி எண்ண மெஷின் வந்த பிறகு, அதுவரை எண்ணிக்கொண்டிருந்த நாலு பேர் என்ன ஆனார்கள் என்று பொம்மசந்திரா கார்மென்ட்ஸ் ஆலை வாசலில் நாலு நாள் நின்று கேட்டவள் நான். மெஷின் ஏன் நின்றது என்று சூப்பர்வைசரிடம் இரண்டே நிமிடத்தில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் வேலை நிலைத்தது. அதை டீக்கடையில் உன்னிடம் சொன்னதும் நான்தான்.

நேற்று நம் அதிகாரி கோவிந்தப்பா சார் வகுப்புக்கு வந்தார். "சுனிதா மாதிரி நீங்களும் ஏதாச்சும் எழுதுங்கம்மா" என்றார். பிள்ளைகள் முன்னால் சிரித்து வைத்தேன்.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், வயிறு எரிகிறது.

உன்
மலர்

ஆனேக்கல் மையம்
11 ஜூன் 2024

அடி மலர்,

வயிறு எரிந்தால் மோர் குடி.

உள்ளே நன்றிப் பக்கத்தில் உன் பெயரை எழுதியிருந்தேன். அச்சில் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. தப்புதான்.

வருகிற 22ஆம் தேதி நாற்பது மையங்களின் ஆசிரியர்கள் முன்னால் இந்தப் பாடங்களை நான் விளக்க வேண்டும். நன்றாகப் போனால், அடுத்த வருடப் பாடங்களை எழுதும் வேலைக்கு என்னை எடுப்பதாகச் சார் சொல்கிறார். இருப்பது ஒரே இடம். கிடைத்தால் வீட்டிலிருந்தே எழுதலாம், ஈஜிபுராவிலிருந்து தினமும் இங்கே பஸ்ஸில் நசுங்கி வருவது நிற்கும். உடம்பு முடியாத அம்மாவைப் பகலில் தனியாக விட்டு வரவும் வேண்டாம்.

நீ வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார். நான் வேகமெடுத்தால் ஃபைலைத் தூக்கிக் காட்டு. பன்னிரண்டு வருடமாக உன் ஃபைலைப் பார்த்துத்தானே பேசுகிறேன். மேடையில் வேறு யார் முகமும் எனக்குத் தெரியாது.

அன்புடன்
சுனிதா

அடுகோடி மையம்
24 ஜூன் 2024

சுனிதா,

இதை நான் சொல்லாவிட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மூன்றாவது ஸ்லைடிலேயே நீ வேகமெடுத்து ஓட ஆரம்பித்துவிட்டாய். எனக்கு முன்னால் இருந்த கிளாரன்ஸ் சார் நோட்டை மூடினார். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையே மூடிவிட்டது. நீ இரண்டு முறை என்னைப் பார்த்தாய். ஃபைல் என் மடியில்தான் இருந்தது. நான் தூக்கவில்லை. என் கார்மென்ட்ஸ் பெண்களை உன்னுடையவர்கள் மாதிரி நீ பேசிக்கொண்டிருந்தாய். கோவிந்தப்பா சார் "அர்த்த ஆயித்தா, புரிஞ்சுதா?" என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது எனக்கு உள்ளே இனித்தது.

பஸ் நிறுத்தத்தில் நீ, "நீ ஃபைல் தூக்கலையே, நல்லாத்தான் போவுதுன்னு நெனச்சேன்டி" என்றாய். நான் "நல்லாத்தான் போச்சு" என்றேன். அதைச் சொன்ன வாயோடுதான் இன்றும் சாப்பிட்டேன்.

இன்று காலை சார் கூப்பிட்டு அந்த வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார். இன்னும் பதில் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

மலர்

ஆனேக்கல் மையம்
28 ஜூன் 2024

மலர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டுவிடுவதால் எனக்கு ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை. ஐந்தாம் பாடம் உங்களுடையது என்று அச்சகத்துக்கு எழுதிவிட்டேன். அது என் தப்பு, சரிசெய்துவிட்டேன்.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பா சார் எனக்குப் போன் செய்தார். "உங்களால ஆகாது போலிருக்கேம்மா, வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "மலரைக் கூப்பிடுங்க சார், என்னைவிட நல்லா எழுதுவா" என்றேன்.

அன்று பஸ் நிறுத்தத்திலேயே நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால், உங்கள் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு
சுனிதா