ரேவதி மிஸ் வீட்டுப் புத்தகங்கள்

ஜூன் 9, திங்கள்

முதல் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் தூங்கிவிட்டேன். பக்கத்து சீட் நாகம்மாதான் தட்டி எழுப்பினாள். வீட்டுக்கு வந்தால் ஹரிணி இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கீழ்வீட்டு ரேவதி மிஸ்ஸிடம் போய்விட்டாளாம்.

இந்த ரேவதி மார்ச்சில்தான் குடிவந்தாள். தன் தம்பி இறந்த பிறகு சேர்க்க ஆரம்பித்த புத்தகங்கள் என்று ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறாள். எல்லாமே யாரையாவது பறிகொடுத்தவர்களுக்கானவை. பிள்ளைகளுக்குப் படம் போட்டது, பெரியவர்களுக்குத் தடிமனானது. மனைவியை இழந்த வாட்ச்மேன் கங்கப்பன்கூட வந்து பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கிப் போகிறார். நல்ல காரியம்தான். ஆனால் என் மகளுக்கு அங்கே என்ன வேலை?

ஜூன் 14, சனி

ஹரிணியைக் கூப்பிடக் கீழே போனேன். கதவு திறந்திருந்தது. ரேவதியின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“அப்பா மொகம் மறந்து போற மாதிரி இருக்கு மிஸ்.”

வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் பைக்கில் கிளம்பிய என் வீட்டுக்காரர் முனிராஜ் விபத்தில் சிக்கி, உயிரோடு திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து என்னிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை. எட்டு வயதில் இவ்வளவு அழுத்தமா என்று நான் பயந்து கிடக்கிறேன். அவள் அங்கே போய் அழுகிறாள். பெற்றவள் மேலே இருக்க, மூன்று மாதப் பழக்கத்திடம்.

வயிறு எரிகிறது. வேறு எப்படி எழுதுவது?

ஜூன் 15, ஞாயிறு

ஹரிணி கீழேயிருந்து கொண்டுவந்திருந்த யானைப் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். “இனிமே கீழ போகாத” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூன் 18, புதன்

எல்லாவற்றுக்கும் “சரிம்மா”. சாப்பிடு, சரிம்மா. தூங்கு, சரிம்மா.

படியில் ரேவதி, “ஹரிணியக் காணோமேக்கா?” என்றாள். வீட்டுப்பாடம் நிறைய என்றேன். அவள் கட்டியிருந்த புடவை அழகாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

கேட்டேவிட்டேன். “என்கிட்ட சொல்லாம அவங்ககிட்ட ஏன்டி போயி சொன்ன? நான் யாரு உனக்கு?” குரல் உயர்ந்துவிட்டது.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சொன்னா நீ பாத்ரூமுக்குப் போயி கொழாயத் தொறந்து வுட்டுக்குவ. கண்ணெல்லாம் செவந்து வருவ. அப்புறம் சாப்புட மாட்ட.”

அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதானே குழாயைத் திறந்தேன் —

ஜூன் 22, ஞாயிறு

ரேவதி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான். “என் பொண்ணுக்கு என்ன சொல்லிக் குடுக்கறீங்க?”

“ஒண்ணும் சொல்லித் தரலக்கா. புத்தகம் படிப்போம். நடுவுல அவளாப் பேசுவா. அவ அப்பாவ நான் பார்த்ததே இல்ல. அதான் என்கிட்ட சொல்ல அவளுக்கு சுலபமா இருக்கு. நான் அழுதுருவேன்னு பயப்பட வேண்டாம்ல?”

பெரியவர்களுக்கான புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. சரியாக இருப்பதால் இன்னும் எரிச்சல்.

ஜூன் 28, சனி

யானைப் புத்தகத்தை நானே பரணிலிருந்து இறக்கினேன். தூசி தட்டி, ஹரிணியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தேன். பெரிய யானை காட்டில் விழுந்து கிடக்கிறது. மற்றவை சுற்றி நின்று தும்பிக்கையால் தடவுகின்றன. குட்டி மட்டும், எப்போது எழுந்திருக்கும் என்று கேட்கிறது.

அதற்கு மேல் எனக்கு வாசிக்க வரவில்லை. எழுந்து போகப் பார்த்தேன். ஹரிணி என் மடியில் புத்தகத்தை அழுத்திப் பிடித்தாள்.

“பரவால்லம்மா. இந்தப் பக்கத்துல எல்லாரும் அழுவாங்க. கங்கப்பன் தாத்தாகூட அழுதாரு.”

இரண்டு பேரும் அழுதோம். சத்தமாக.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “நீ ரெண்டாம் ஷிப்ட் போறப்ப அப்பா என்னைய அத்திப்பள்ளிக்குக் கூட்டிட்டுப் போவாரு. போண்டா வாங்கித் தருவாரு. தப்புத் தப்பா கன்னடம் பேசுவாரு, கடைக்காரரு சிரிப்பாரு. அம்மாகிட்ட சொல்லிடாதன்னாரு.”

அடப்பாவி மனுஷா! நான் கம்பெனியில் கால் வலிக்க நின்றுகொண்டிருக்க, நீங்கள் இரண்டு பேரும் மாநில பார்டர் தாண்டிப் போய்ப் போண்டா தின்றீர்களா?

சிரிப்பு வந்தது. வயிறும் எரிந்தது. இந்த முறை அவர்மேல்.

ஜூன் 29, ஞாயிறு

பஸ்ஸில் அத்திப்பள்ளி போனோம். கடையை ஹரிணிதான் காட்டினாள். கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, அப்பா எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “அப்பா செத்துட்டாரு. இவங்க எங்கம்மா.”

அவள் குரல் நடுங்கவில்லை. நான்தான் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். அதை அவள் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.